கேடயம் யாருக்கு உரியது? மேசைப் பாத்திரமேற்பு விளையாட்டின் விதிநூல்களில் கேடயப் போர் விதிகள்

ஆய்வுச் சுருக்கம்

மேசையைச் சுற்றி அமர்ந்து, பகடையுருட்டி, கதைமாந்தராக நின்று ஆடும் பாத்திரமேற்பு விளையாட்டுகளுக்கு விதிநூலே முதன்மைப் பனுவல். 1971 முதல் 2024 வரை வெளிவந்த சில விதிநூல்களில் கேடயம் பற்றிய விதிகளை இக்கட்டுரை திறனாய்வு நோக்கில் வாசிக்கிறது. கேடயம் தன்னை ஏந்தியவரைக் காப்பது இந்நூல்களில் பொதுவிதியாகவும், அருகில் நிற்பவரைக் காப்பது சிறப்புவிதியாகவும் அமைந்துள்ளது. இவ்வேறுபாட்டை மெய்ம்மைக் குறைபாடாகக் கொள்ளாமல் விழுமியத் தேர்வாகக் கொள்ள வேண்டும் என்பது கட்டுரையின் கருதுகோள். அணிவகுப்புப் போர், இருவர் போர் ஆகிய இரண்டு வரலாற்று மரபுகளை அளவுகோலாகக் கொண்டும், பகடை நிகழ்தகவைக் கணக்கிட்டும் இக்கருதுகோள் நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பாத்திரமேற்பு விளையாட்டு, விதிநூல், கேடயம், பொதுவிதி, சிறப்புவிதி, நிகழ்தகவு

1. முன்னுரை

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் இயற்றிய டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் அமெரிக்காவில் வெளிவந்தது. மிகுபுனைவு உலகில் நிகழும் பாத்திரமேற்பு விளையாட்டு என்னும் வகைமையின் தொடக்க நூலாக அது கருதப்படுகிறது. ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்பர். ஆட்ட நடத்துநர் ஒருவர் உலகையும் பகைவரையும் விவரிப்பார். முடிவு தெளிவாக இல்லாத இடங்களில் பகடை தீர்ப்பளிக்கும். எந்த இடத்தில் எந்தப் பகடையை உருட்டுவது, எந்த எண்ணை வெற்றியாகக் கொள்வது என்பவற்றை விதிநூல் வகுக்கும்.

இவ்விளையாட்டுகள் குறித்த ஆய்வுகள் பல திசைகளில் வளர்ந்துள்ளன. கேரி ஆலன் ஃபைன் 1983இல் வெளியிட்ட நூல் ஆடுவோர் குழுக்களைச் சமூகவியல் நோக்கில் அணுகியது. ஜான் பீட்டர்சன் 2012இல் வெளியிட்ட விரிவான நூல் போர் விளையாட்டுகளிலிருந்து இவ்வகைமை தோன்றிய வரலாற்றைத் தொகுத்தது. விளையாட்டின் செயல்முறையே ஒரு வாதமாக இயங்கவல்லது என்னும் கருத்தை இயன் போகோஸ்ட் 2007இல் கணினி விளையாட்டுகளை முன்வைத்து விளக்கினார். இம்மூன்றாவது அணுகுமுறை இக்கட்டுரைக்கு நெருக்கமானது. எனினும் செயல்முறையை மட்டுமன்றி, அதை வகுத்துரைக்கும் எழுத்துப் பனுவலையும் நெருங்கி வாசிப்பது இங்கு நோக்கமாகும்.

கேடயத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. வாள், வேல், வில் ஆகியவை பகைவரை நோக்கியவை. அவற்றின் திசை ஒன்றே. கவசம் உடலோடு ஒட்டியது. அதன் பயன் அணிந்தவருக்கே. கேடயமோ கையில் ஏந்தப்படுவது, நகர்த்தப்படுவது, வேண்டுமாயின் மற்றொருவர் முன் நீட்டப்படுவது. தன்னையும் பிறரையும் காக்கும் ஆற்றல் ஒருசேர அமைந்த கருவி அது. ஆகவே கேடயத்திற்கு எவ்வகை விதி வகுக்கப்படுகிறது என்பது, ஒரு விளையாட்டு தன்னலத்தையும் பிறர் காப்பையும் எவ்வாறு எடைபோடுகிறது என்பதற்குச் சான்றாகிறது.

2. வாசிப்பு முறையும் கலைச்சொற்களும்

விதிநூலை வாசிப்பது தமிழ்ப் புலமை மரபுக்குப் புதியதன்று. சுருங்கிய நூற்பாக்களை எடுத்துக்கொண்டு, எது பொதுவிதி, எது சிறப்புவிதி, எது புறநடை என வகுத்துக் காணும் பயிற்சியை இளம்பூரணர், சேனாவரையர், நச்சினார்க்கினியர் ஆகியோரின் உரைகள் நமக்கு அளித்துள்ளன. ஒரு செய்தி பொதுவிதியில் இடம்பெறுவதும் சிறப்புவிதியில் இடம்பெறுவதும் ஒரே மதிப்புடையன அல்ல என்பதை உரையாசிரியர்கள் நன்கு உணர்ந்திருந்தனர். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு (2014), பொதுவிதியும் சிறப்புவிதியும் முரணும்போது சிறப்புவிதியே வெல்லும் எனத் தன் முன்னுரைப் பகுதியிலேயே வெளிப்படையாக அறிவிக்கிறது. எனவே இப்பாகுபாட்டை நாம் வெளியிலிருந்து பனுவலின்மேல் ஏற்றவில்லை. பனுவலே தன்னை அவ்வாறு அமைத்துக்கொண்டுள்ளது.

கலைச்சொற்கள் சில. தாக்குதலிலிருந்து ஒருவர் எவ்வளவு தப்பவல்லவர் என்பதைக் குறிக்கும் எண்ணைக் 'காப்பெண்' என்கிறேன். போரின் ஒரு கால அலகு 'சுற்று'. அதற்குள் ஒவ்வொருவருக்கும் வரும் வாய்ப்பு 'முறை'. தன் முறையில் செய்வது 'செயல்'. பிறரது முறையில் இடைமறித்துச் செய்வது 'எதிர்வினை'. கிடுகு, தோல், பரிசை, பலகை எனத் தமிழில் இக்கருவிக்குப் பல பெயர்கள் இருப்பினும், இன்றைய வழக்கு நோக்கிக் 'கேடயம்' என்பதே இங்கு ஆளப்படுகிறது.

3. இருவகைக் கேடய மரபு

விதிகளை மதிப்பிட ஓர் அளவுகோல் தேவை. போர் வரலாற்றில் கேடயம் இருவேறு சூழல்களில் இருவேறு பொருள் பெறுகிறது.

முதலாவது அணிவகுப்பு. பண்டைய கிரேக்கக் காலாட்படை வீரரின் வட்டக் கேடயம் ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் விட்டமுடையது. நடுவில் முழங்கை நுழையும் பட்டையும் விளிம்பில் கைப்பிடியும் கொண்டதால், அதன் இடப்பாதி ஏந்தியவரின் உடலைக் கடந்து வெளியே நீளும். கி.மு. 418இல் நிகழ்ந்த மான்டினியா போரைக் கூறும் துசிடிடீஸ், படைகள் முன்னேறும்போது வலப்புறம் சாய்ந்து நகர்வதைக் குறிப்பிடுகிறார். ஒவ்வொரு வீரரும் காப்பற்ற தம் வலப்பக்கத்தை வலப்புறம் நிற்பவரின் கேடயத்தோடு ஒட்டிக்கொள்ள முயல்வதே இதற்குக் காரணம் என்பது அவர் விளக்கம். தலைக்கவசத்தை இழந்தவரை விடுத்துக் கேடயத்தை இழந்தவரை மட்டும் ஸ்பார்ட்டாவினர் இகழ்வது ஏன் என்னும் வினாவுக்கு, முன்னது தனக்காக அணிவது, பின்னது அணி முழுமைக்காக ஏந்துவது என டெமராட்டஸ் விடையளித்ததாகப் புளூட்டார்க் பதிவு செய்கிறார். அணிவகுப்பு எவ்வளவு நெருக்கமாக இருந்தது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. விக்டர் டேவிஸ் ஹான்சன் (1989) நெருக்கமான அணியை வலியுறுத்துகிறார். ஹான்ஸ் வான் வீஸ் (2004) நெகிழ்வான அமைப்பை முன்வைக்கிறார். எப்பக்கம் நின்றாலும், கேடயம் அயலாருக்கும் உரியது என்னும் எண்ணம் அக்காலப் பனுவல்களில் பதிவாகியுள்ளது என்பதில் ஐயமில்லை.

இரண்டாவது இருவர் போர். ஐஸ்லாந்தின் கோர்மாக் சாகா, வரையறுத்த களத்தில் இருவர் பொருதும் ஹோல்ம்கங் என்னும் போர்முறையின் விதிகளை விவரிக்கிறது. அதன்படி ஒவ்வொருவருக்கும் மூன்று கேடயங்கள் உண்டு. அவை சிதைந்த பின்னர் ஆயுதத்தாலேயே தற்காத்துக்கொள்ள வேண்டும். இங்குக் கேடயம் எண்ணப்படுகிறது, செலவழிக்கப்படுகிறது, தீர்ந்துபோகிறது. அதனால் காக்கப்படுபவர் ஒருவரே.

முதல் மரபில் கேடயம் உறவு; இரண்டாம் மரபில் கேடயம் இருப்பு. விதிநூல்கள் இவற்றுள் எதனைத் தேர்கின்றன என்பதே வினா.

4. படையிலிருந்து தனியாளுக்கு

கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெர்ரனும் 1971இல் வெளியிட்ட செயின்மெயில் ஓர் இடைக்காலப் போர் விளையாட்டு. அதன் படைப்போர் விதிகளில் ஒரு சிற்றுருவம் இருபது வீரரைக் குறிக்கும். அதே நூலின் மற்றொரு பகுதியில் ஓர் உருவம் ஒரு வீரரையே குறிக்கும். இத்தனியாள் பகுதியில்தான் கேடயம் துல்லியமான இடம் பெறுகிறது. காப்பு நிலைகள் எட்டு: கவசமின்மை, தோற்கவசம், கேடயம் மட்டும், தோற்கவசமும் கேடயமும், சங்கிலிக் கவசம், அதனோடு கேடயம், தகட்டுக் கவசம், அதனோடு கேடயம். ஒவ்வோர் ஆயுதமும் இவ்வெட்டு நிலைகளுள் ஒவ்வொன்றையும் வெல்ல இரு பகடைகளில் எவ்வளவு எண் வேண்டும் என அட்டவணை கூறும். ஆயுதத்திற்கேற்பக் கேடயத்தின் மதிப்பு மாறுவது இதன் சிறப்பு.

1974ஆம் ஆண்டு நூல் இவ்வட்டவணையைச் சுருக்கியது. அதில் மாற்று முறையாகத் தரப்பட்டு, பின்னர் நிலைபெற்ற போர்விதி, காப்பெண்ணை 9 முதல் 2 வரை வரிசைப்படுத்தியது. கவசமும் கேடயமும் இல்லாதவர் 9, கேடயம் மட்டும் உடையவர் 8, தோற்கவசம் 7 என்று இறங்கி, தகட்டுக் கவசத்தோடு கேடயமும் உடையவர் 2 ஆகிறார். தொடக்க நிலைப் போர்வீரர் ஒருவர் காப்பெண் 9ஐத் தாக்க இருபது முகப் பகடையில் 10, காப்பெண் 2ஐத் தாக்க 17 பெற வேண்டும். கேடயத்தின் மதிப்பு எங்கும் ஒரே ஒரு புள்ளி, அதாவது நூற்றுக்கு ஐந்து.

இச்சுருக்கத்தில் இரண்டு நுட்பங்கள் உள்ளன. செயின்மெயிலில் தோற்கவசத்திற்கு மேலிருந்த தனிக் கேடயம், 1974இல் அதற்குக் கீழிறங்கியது. அதனினும் முதன்மையானது, கேடயம் ஓர் எண்ணாக உடலோடு கரைந்தது என்பது. எங்கிருந்து தாக்குதல் வருகிறது, எத்தனை முறை வருகிறது, அருகில் யார் நிற்கிறார் என்னும் வினாக்கள் அட்டவணையில் இடம் இழந்தன. பயன்பாட்டு நோக்கில் கேடயம் கையிலேந்திய கவசமாயிற்று.

படையை நகர்த்தும் விளையாட்டு தனியாளை நகர்த்தும் விளையாட்டாக மாறிய அதே தருணத்தில் இம்மாற்றம் நிகழ்ந்தது. இருபதின்மர் நின்ற இடத்தில் ஒரு பெயர் பெற்ற வீரர் நின்றபோது, கேடயமும் அவரது தனியுடைமை ஆயிற்று.

5. திசை, எண்ணிக்கை, திறன்

எண்ணாகக் கரைந்த கேடயத்தை மீண்டும் கைக்குக் கொண்டுவரும் முயற்சிகள் பின்னர் எழுந்தன. ஸ்டீவ் பெரினும் பிறரும் உருவாக்கிக் கேயோசியம் 1978இல் வெளியிட்ட ரூன்குவெஸ்ட் இவற்றுள் குறிப்பிடத்தக்கது. அதில் தாக்குவது ஒரு திறன். கேடயத்தால் தடுப்பது மற்றொரு திறன். இரண்டும் நூற்றுக்கணக்கில் அளக்கப்பட்டு, இருவரும் தனித்தனியே பகடை உருட்டுகின்றனர். தடுத்தல் வெற்றியானால் அடியின் ஒரு பகுதியைக் கேடயம் ஏற்கும். மிஞ்சியது உடலுறுப்பில் இறங்கும். பழகப் பழகத் தடுக்கும் திறன் வளரும். கேடயம் இங்குச் செயல். ஏந்துவது வேறு, பயன்படுத்துவது வேறு என்னும் தெளிவு விதியிலேயே உள்ளது. ஆயினும் தடுப்பவர் தம்மேல் வரும் அடியைத் தடுக்கும் காட்சியே இவ்விதியின் மையம். அது நுணுக்கம் பெற்ற இருவர் போர்.

1989இல் வந்த உயர்நிலை டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இரண்டாம் பதிப்பு வேறு வழியில் சென்றது. மிகச்சிறு கைக்கேடயம் ஒரு சுற்றில் ஒரு தாக்குதலுக்கு எதிராக மட்டும் பயன்படும். சிறு கேடயம் முன்னிருந்து வரும் இரண்டுக்கு. நடுத்தரக் கேடயம் முன்னும் பக்கமும் வரும் அனைத்துக்கும். உடல் மறைக்கும் பெருங்கேடயம் எறிபடைக்கு எதிராக இரு புள்ளி தரும். இவ்விதிகளில் கேடயத்திற்குப் பரப்பு, திசை, எல்லை ஆகியன கிடைக்கின்றன. ஒரு பக்கம் காப்பற்றது என்பதை விதி ஒப்புக்கொள்கிறது. அப்பக்கத்தைக் காப்பவர் யார் என்னும் வினா இயல்பாகவே அடுத்து எழ வேண்டும். இரண்டாம் பதிப்பின் கேடய விதி அவ்வாயிலில் வந்து நின்றுவிடுகிறது. மான்டினியாவில் வீரர்கள் வலப்புறம் சாய்ந்ததற்கு ஒப்பான நகர்வை இவ்விதி தூண்டுவதில்லை. ஏனெனில் அயலாரின் கேடயத்தால் நமக்குக் கிடைக்கும் எண் சுழியம்.

6. செலவாகும் கேடயம்

2019இல் பைசோ நிறுவனம் வெளியிட்ட பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு கேடய விதியில் பெரும் திருப்பம். இதில் ஒருவருக்குத் தன் முறையில் மூன்று செயல்கள் உண்டு. கேடயத்தை உயர்த்துவது அவற்றுள் ஒன்று. உயர்த்தினால்தான் அடுத்த முறை வரை காப்பெண் 2 கூடும். உயர்த்தாவிடில் கேடயம் கையில் தொங்கும் சுமையே. ஒரு வெட்டைக் கைவிட்டுத்தான் காப்பைப் பெற முடியும். கேடயம் இங்கு முதன்முறையாகக் காலத்தால் விலை பெறுகிறது.

உயர்த்திய கேடயத்தால் அடியைத் தாங்குவது தனி எதிர்வினை. எஃகுக் கேடயத்தின் வன்மை 5, அதன் சேதப் புள்ளி 20. அது 10 அல்லது அதற்குக் கீழே இறங்கினால் கேடயம் உடைந்ததாகக் கொள்ளப்படும். 11 புள்ளி அடி விழுந்தால் வன்மை 5ஐக் கழிக்கும். மிஞ்சிய 6 ஏந்தியவருக்கும் கேடயத்திற்கும் தனித்தனியே சேரும். கேடயம் 14 ஆகும். அதே அளவில் மற்றோர் அடியைத் தாங்கினால் 8 ஆகி உடையும். பழுது நீக்கும் வரை பயன்படாது. ஹோல்ம்கங்கின் மூன்று கேடயங்களுக்கு இதைவிட நெருங்கிய எண்வடிவம் காண்பது அரிது.

ஆயின் இவ்விதி ஒரு முரணையும் ஈன்றது. அரிய மந்திரக் கேடயம் ஒன்றைப் பெற்றவர், அது சிதைந்துவிடும் என அஞ்சி, அடியைத் தன் உடலில் வாங்கிக்கொண்டு கேடயத்தைக் காக்க நேர்கிறது. காக்கும் பொருள் காக்கப்படும் பொருளாகிறது. 2023இல் திருத்தப்பட்ட பதிப்பு கேடயத்தை வலுப்படுத்தும் மந்திர எழுத்துகளைச் சேர்த்ததை இம்முரணுக்கான தீர்வாக வாசிக்கலாம். ஆடுவோரிடையே பரவிய இல்லவிதி ஒன்றும் இங்கு நினைக்கத்தக்கது. அதன்படி, கேடயத்தை உடைய விட்டு ஓர் அடியை முழுவதும் தவிர்த்துக்கொள்ளலாம். எளிமையும் விறுவிறுப்பும் உடைய விதி. ஆயினும் கேடயம் தனியாளின் காப்பீடு என்னும் எண்ணத்தை அது உறுதிப்படுத்துகிறது. டெமராட்டஸின் விடையில் கேடயத்தை இழப்பது அணிக்கு இழைக்கும் தீங்கு. இவ்வில்லவிதியில் அது ஒருவர் தமக்குச் செய்துகொள்ளும் ஆதாயம்.

அருகில் நிற்பவருக்காக அடியைத் தாங்கும் வாய்ப்பு பாத்ஃபைண்டரில் இல்லாமல் இல்லை. போர்வீரரும் அறப்போராளியும் ஆறாம் நிலையில் தேர்ந்துகொள்ளக்கூடிய சிறப்புத்திறன் அது. தன்னைக் காப்பதற்குப் பயிற்சியின் முதல் நாளே போதும். அயலாரைக் காக்க ஆறு நிலைகள் ஏற வேண்டும்.

7. அயலாருக்கு ஒரு விதி: கணக்கும் பொருளும்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு 2014இல் கேடயத்தை மீண்டும் ஓர் எண்ணாக்கியது. எத்திசையிலிருந்து எத்தனை தாக்குதல் வந்தாலும் காப்பெண் 2 கூடும். இதன் பயன் எல்லாருக்கும் ஒன்றன்று. இருபது முகப் பகடையில் 11 வந்தால் தாக்கப்படக்கூடிய ஒருவரின் ஆபத்து நூற்றுக்கு 50. கேடயம் ஏந்தினால் 40. குறைவு ஐந்தில் ஒரு பங்கு. 17 வந்தால்தான் தாக்கப்படும் கனத்த கவசக்காரரின் ஆபத்து 20இலிருந்து 10 ஆகும், குறைவு சரிபாதி. ஏற்கெனவே காப்புடையவருக்கே கேடயம் மிகுதியாகப் பயன்படுகிறது. காப்பற்றவர் அதே கேடயத்தால் பெறுவது சிறிது.

இப்பதிப்பில் அயலாரைக் காப்பதற்கு ஒரு போர்முறை உண்டு. கேடயம் ஏந்தியவர் அதைத் தேர்ந்திருந்தால், ஐந்தடிக்குள் நிற்கும் வேறொருவர்மேல் வரும் தாக்குதலை எதிர்வினையால் இடைமறிக்கலாம். தாக்குபவர் பகடையை இருமுறை உருட்டிக் குறைந்த எண்ணை ஏற்க வேண்டும். 50 விழுக்காட்டு ஆபத்து 25 ஆகும். 20 விழுக்காடு 4 ஆகும். ஓர் அடியளவில் நோக்கினால் இது தற்காப்பைவிட வலியது. ஆனால் ஒரு சுற்றில் எதிர்வினை ஒன்றே.

ஒருவர்மேல் ஒரே சுற்றில் மூன்று தாக்குதல்கள் வருவதாகவும், ஒவ்வொன்றின் ஆபத்தும் 50 விழுக்காடு எனவும் கொள்வோம். காப்பில்லாவிடில் சராசரியாக 1.5 அடி விழும். அவரே கேடயம் ஏந்தியிருந்தால் 1.2. அருகிலிருப்பவர் இடைமறித்தால், முதல் தாக்குதல் மட்டும் குறைந்து 1.25. தற்காப்பு 0.3 அடியைத் தடுக்கிறது, அயற்காப்பு 0.25 அடியைத் தடுக்கிறது. எண்கள் ஏறத்தாழ ஒத்திருக்க, விலை ஒத்திருக்கவில்லை. முன்னதற்கு ஒரு கை தேவை. காலம் தேவையில்லை, தனித்தேர்வு தேவையில்லை. பின்னதற்கு அதே கையோடு, சில வகுப்பினருக்கே கிடைக்கும் போர்முறைத் தேர்வும், சுற்றின் ஒரே எதிர்வினையும் தேவை. தப்பியோடும் பகைவரை வெட்டும் வாய்ப்பும் அவ்வெதிர்வினையையே சார்ந்திருப்பதால், அயலாரைக் காப்பவர் அவ்வெட்டை இழக்கிறார்.

2024ஆம் ஆண்டின் திருத்தம் இவ்விடத்தில் கருதத்தக்க மாற்றத்தைச் செய்தது. இடைமறித்த தாக்குதலோடு நில்லாமல், காப்பவரின் அடுத்த முறை தொடங்கும் வரை அவ்வயலார்மேல் வரும் எல்லாத் தாக்குதல்களுக்கும் அத்தடை நீள்கிறது. நிபந்தனை ஒன்றே: காப்பவர் ஐந்தடிக்குள் நிலைத்து நிற்க வேண்டும். மேற்கண்ட கணக்கில் 1.25 இப்போது 0.75 ஆகிறது. தடுக்கப்படுவது 0.75 அடி, தற்காப்பைப்போல் இரண்டரை மடங்கு.

எண்ணைவிட நிபந்தனையே திறனாய்வுக்கு உரியது. 2014இன் விதியில் காத்தல் ஒரு கணநேரச் செயல், செய்துவிட்டு விலகலாம். 2024இன் விதியில் காத்தல் அருகில் நிற்றலாகிறது. விலகினால் காப்பும் விலகும். காப்பவரும் காக்கப்படுபவரும் தம் நகர்வைக் கலந்து முடிவு செய்ய வேண்டிய தேவை பிறக்கிறது. துசிடிடீஸ் கண்ட ஒட்டுறவின் சிறு சாயலை இவ்விதியில் காணலாம். எனினும் அது இன்றும் தேர்ந்தெடுக்கும் போர்முறையாகவே, சிறப்புவிதியாகவே உள்ளது. பொதுவிதியில் கேடயம் ஏந்தியவருக்கே உரியது.

8. மறுப்புகளும் மதிப்பீடும்

இவ்வாசிப்புக்கு மூன்று மறுப்புகள் எழலாம். முதலாவது, விளையாட்டு வரலாற்று ஆவணமன்று. விரைவாக ஆடப்படவேண்டிய பொழுதுபோக்கு என்பது. இது உண்மையே. கேடயத்தின் திசையை ஒவ்வோர் அடிக்கும் கேட்டுக்கொண்டிருந்தால் ஆட்டம் தேங்கும். ஆனால் இக்கட்டுரை மெய்ம்மையைக் கோரவில்லை. அருகில் நிற்பவருக்குக் காப்பெண்ணில் ஒன்று கூடும் எனப் பொதுவிதி வகுப்பதற்கு, ஏந்தியவருக்கு இரண்டு கூடும் என வகுப்பதைவிடச் சற்றே மிகுந்த உழைப்புதான் வேண்டும். எளிமை இரண்டுக்கும் பொது, தேர்வு வேறு.

இரண்டாவது, இவ்விளையாட்டுகளில் நாலைந்து பேரே செல்கின்றனர். அணிவகுப்புக்கு இடமில்லை என்பது. ஆயின் நிலவறையின் குறுகிய வழியில் கனத்த கவசத்தார் முன்னும் மந்திரவாதி பின்னுமாகச் செல்லும் வரிசை தொடக்கக் காலம் முதலே ஆடுவோர் வழக்கம். அணி இருந்தது, கேடய விதி அதைப் பேசவில்லை.

மூன்றாவது மறுப்பு வலியது. நூல் கூறாததை வழக்கு நிறைவு செய்கிறது அல்லவா? முன்வரிசையில் நிற்பதே பிறரைக் காப்பதாகும்; அதற்குத் தனி விதி எதற்கு? விதியின் மௌனத்தை இன்மையாகக் கொள்ளலாகாது என்பதை உரை மரபில் பயின்றோர் அறிவர். 1974இன் நூலுக்கு இவ்விடை பெரிதும் பொருந்தும். ஆனால் பின்வந்த நூல்கள் மௌனம் காக்கவில்லை. அயலாரைக் காப்பதை அவை பெயரிட்டு, நிலை வகுத்து, விலை குறித்தன. ஒன்றைச் சிறப்புவிதியாக எழுதியவுடன், அச்சிறப்பைப் பெறாதவர் அதைச் செய்ய இயலாது என்னும் பொருளும் உடன் எழுதப்பட்டுவிடுகிறது. முன்பு எந்த வீரரும், 'நான் அவர்முன் கேடயத்தை நீட்டுகிறேன்' எனக் கூற, நடத்துநர் தம் மதிப்பீட்டால் தீர்ப்பளிக்கலாம். இப்போது அதே கூற்றுக்கு, 'உம்மிடம் அத்திறன் இல்லை' என்பது நூல்வழி விடை. வழக்கு நிரப்பிய இடத்தை விதி எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டதோடு அதனைச் சிலருக்கே உரியதாக்கியது.

இவ்விளையாட்டு தனித்து ஆடப்படுவதன்று என்பதால்தான் இது பொருட்படுத்தத்தக்கது. நால்வர் கூடி, ஒருவர் கதையை மற்றவர் தாங்கி, மணிக்கணக்கில் ஆடும் கூட்டுக்கலை அது. அக்கூட்டத்தின் கையில் உள்ள நூல், உதவுவது இயல்பான செயலா, சிலர் கற்ற தனித்திறனா என்னும் வினாவுக்கு அட்டவணையின் மூலம் விடை கூறிக்கொண்டே இருக்கிறது. அறவுரையைவிட ஆழமாக அது பதியும். ஏனெனில் ஆடுவோர் அதைக் கேட்பதோடு நில்லாமல் ஒவ்வொரு சுற்றிலும் கணக்கிட்டுச் செய்கின்றனர்.

9. முடிவுரை

கேடய விதிகளின் அரை நூற்றாண்டு வளர்ச்சியில் கேடயம் எண்ணாக, திறனாக, பரப்பாக, செலவாக மாறி வந்துள்ளது. 1974 அதை உடலோடு கரைத்தது. ரூன்குவெஸ்ட் அதைக் கைவினையாக்கியது. 1989இன் பதிப்பு அதற்குத் திசை தந்தது. 2019இன் பாத்ஃபைண்டர் அதற்குக் காலத்தையும் அழிவையும் சேர்த்தது. நுணுக்கம் கூடியபோதும் உடைமை மாறவில்லை. இருவர் போரின் கேடயமே பொதுவிதியாகத் தொடர்ந்தது. அணிவகுப்பின் கேடயம் சிறப்புவிதியின் ஓரத்தில் தங்கியது. 2024இன் திருத்தம் மட்டும் காத்தலை அருகில் நிற்றலோடு பிணைத்து, அவ்வோரத்தைச் சற்று அகலமாக்கியுள்ளது.

இத்தகைய விதிநூல்களைத் தமிழில் பெயர்ப்போரும் புதிதாக இயற்றுவோரும் எதிர்கொள்ள வேண்டிய தேர்வு இதிலிருந்து தெளிவாகிறது. கேடயத்திற்கு எச்சொல்லை இடுவது என்பது அவர்கள் முன் உள்ள சிறிய வினா. அச்சொல்லுக்கு உரிய விதி, ஏந்தியவரோடு முடிகிறதா, அவருக்கு இடப்பக்கம் நிற்பவரையும் சென்று சேர்கிறதா என்பது பெரிய வினா. பொதுவிதியை எழுதும் கைக்கே அதற்கு விடையளிக்கும் பொறுப்பு உண்டு.